பலகையில் ஏறிய குடும்ப டாக்டர்

தோப்பும்படிக்குப் புதிதாகக் குடிவரும் எந்தத் தமிழ்க் குடும்பமும் முதல் மாதத்திலேயே மூன்று கேள்விகள் கேட்டுவிடும். தண்ணீர் எப்படி? பிள்ளைக்கு மலையாளம் வருமா? பக்கத்தில் நல்ல டாக்டர் யார்? முதல் இரண்டுக்கும் பதில் சுலபம். (தண்ணீர் வரும் நாளில் பிடித்து வையுங்கள். மலையாளத்தை ஆறு மாதத்தில் பிள்ளையே உங்களுக்குச் சொல்லித் தரும்.) மூன்றாவதற்குத்தான் "என்ன உடம்புக்கு?" என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. நெஞ்சு என்றால் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒருவர், முட்டி என்றால் வேறொருவர், சர்க்கரை என்றால் இன்னொருவர். "எல்லாத்துக்கும் சேர்த்து ஒருத்தர் இல்லையா சார்?" என்றால் இருக்கிறார்கள், ஆனால் குறைவு. இருப்பவர்களுக்கும் வயதாகிவிட்டது.

எனக்குப் பிழைப்பு ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுது பார்ப்பது. இ.சி.ஜி. மிஷினிலிருந்து மயக்க மருந்து மிஷின் வரை. டாக்டர் இல்லை, ஆனால் இருபது வருடமாக டாக்டர்களின் அறைக்குள் போய் வந்துகொண்டிருப்பவன். அந்த "ஒருத்தர்" எங்கே போனார், மற்ற நாடுகளில் அவர் எப்படி ஒரு ஸ்பெஷலிஸ்ட் ஆனார், நம் ஊரில் ஏன் ஆகவில்லை என்பது வெகுநாளாக எனக்குள் இருந்த கேள்வி. கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துச் சேர்த்ததை எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் தாத்தா காலத்துக் கதைகளில் ஒரு "எல்.எம்.பி. டாக்டர்" கட்டாயம் வருவார். சைக்கிளிலோ குதிரை வண்டியிலோ வருவார், தோல் பை இருக்கும், கலர் மிக்சர் கொடுப்பார், வீட்டில் யாருக்கு எந்த வயதில் என்ன வந்தது என்பது மனப்பாடம். எல்.எம்.பி. என்பது பட்டம் அல்ல, லைசென்ஸ். மருத்துவக் கல்லூரியில் படித்த எம்.பி.பி.எஸ். ஒரு வகை, மருத்துவப் பள்ளியில் படித்த லைசென்சியேட் இன்னொரு வகை. சென்னையில் இன்றைக்கு ஸ்டான்லி கல்லூரி இருக்கும் இடத்தில் முன்பு இருந்த ராயபுரம் மருத்துவப் பள்ளி இப்படிப் பலரை உருவாக்கியது. கேரளத்தில் அப்போது மருத்துவக் கல்லூரியே கிடையாது. முதல் கல்லூரி திருவனந்தபுரத்தில் 1951-ல்தான் வந்தது. அதுவரை கொச்சி, திருவிதாங்கூர்ப் பிள்ளைகள் பலர் டாக்டருக்குப் படிக்கச் சென்னைக்குத்தான் ரயில் ஏறினார்கள். இப்போது சிகிச்சைக்கு நாம் கொச்சிக்கு வருகிறோம்.

1940களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் இந்தியாவில் பதிவான டாக்டர்கள் சுமார் 47,500 பேர். அவர்களில் 30,000 பேருக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் லைசென்சியேட்டுகள். அதாவது ஐந்தில் மூன்று பேர். சாதாரண ஜனங்கள் கண்ட டாக்டர் இவர்தான்.

இந்த இடத்தில் போர் குழு வருகிறது. (யுத்தம் இல்லை, சர் ஜோசப் போர் என்பவர் பெயர்.) 1943-ல் அமைக்கப்பட்டு 1946-ல் அறிக்கை கொடுத்த குழு. நம் நாட்டின் ஆரம்ப சுகாதார மையம், மாவட்ட ஆஸ்பத்திரி என்ற படிக்கட்டு அமைப்புக்கெல்லாம் மூலம் அந்த அறிக்கைதான். அது சொன்ன முக்கியமான ஒன்று: இரண்டு தர டாக்டர்கள் வேண்டாம், லைசென்சியேட் படிப்பை நிறுத்திவிட்டு ஒரே தரத்தில் "அடிப்படை டாக்டர்" ஒருவரை உருவாக்குவோம், அவர் நோயை மட்டும் பார்க்காமல் மனிதன் வாழும் சூழலையும் பார்க்கும் "சமூக மருத்துவர்" ஆக இருக்கட்டும். குழுவுக்குள்ளேயே சிலர் எதிர்த்தார்கள். இப்படி நிறுத்தினால் கிராமத்துக்கு யார் போவார்கள் என்பது அவர்களுடைய கேள்வி. பெரும்பான்மைதான் வென்றது. லைசென்சியேட் படிப்புகள் படிப்படியாக மூடப்பட்டன.

கொள்கையாகப் பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது. ஏழைக்கு ஒரு டாக்டர், பணக்காரனுக்கு ஒரு டாக்டர் என்று இருக்கக்கூடாதுதான். கோளாறு அதற்குப் பிறகு நடந்தது. "சமூக மருத்துவர்" என்பதற்காக மருத்துவக் கல்லூரிகளில் தடுப்பு மற்றும் சமூக மருத்துவம் என்று தனித்துறை வந்தது. அந்தத் துறை தடுப்பூசி, குடிநீர், தொற்றுநோய்க் கணக்கு என்று ஊர் முழுவதையும் பார்த்தது. அவசியமான வேலை. ஆனால் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் ஒரு நோயாளியை, அவர் வீட்டோடு சேர்த்துப் பார்க்கும் வேலையை யார் சொல்லிக்கொடுப்பது? மெடிசின் துறை தன் வார்டைப் பார்த்தது, சர்ஜரி தன் வார்டைப் பார்த்தது. நடுவில் குடும்ப டாக்டருக்கு ஒரு நாற்காலி போடப்படவில்லை. ஐந்தரை வருடம் படிக்கும் மாணவன், குடும்ப டாக்டராக இருக்கும் ஒருவரை ஆசிரியராகப் பார்க்காமலேயே படித்து முடித்தான். பிறகு எப்படி அவனுக்கு அது ஆக வேண்டும் என்று ஆசை வரும்?

சரி, பிரிட்டனில் என்ன நடந்தது? அங்கே எல்லாம் ஆரம்பத்திலிருந்தே ஒழுங்காக இருந்தது என்று நம்மில் பலருக்கு நினைப்பு. இல்லவே இல்லை. 1948 ஜூலை 5-ல் தேசிய சுகாதார சேவை தொடங்கியது. ஒவ்வொருவரும் ஒரு ஜி.பி.யிடம் பெயர் பதிந்துகொள்ள வேண்டும், பெரிய டாக்டரிடம் போக அவர் கடிதம் வேண்டும். இரண்டே வருடத்தில், 1950-ல், ஜோசப் காலிங்ஸ் என்ற டாக்டர் பல ஊர் ஜி.பி. கிளினிக்குகளைச் சுற்றிப் பார்த்து லான்செட் இதழில் எழுதினார். படித்தவர்களுக்குத் தலை சுற்றியது. படுக்கவைத்துப் பார்க்கக் கட்டில்கூட இல்லாத அறைகள், குறிப்பேடு கிடையாது, நின்றுகொண்டே நோயாளியை அனுப்பும் அவசரம். 1958-ல் மோரன் பிரபு (சர்ச்சிலுடைய டாக்டர்) ஒரு அரசு ஆணையத்தின் முன் போய், ஸ்பெஷலிஸ்ட் ஆகும் ஏணியிலிருந்து தவறி விழுந்தவர்கள்தான் ஜி.பி.க்கள் என்கிற தொனியில் பேசிவிட்டு வந்தார். இன்றைக்கு நம் ஊரில் "வெறும் எம்.பி.பி.எஸ்.ஸா?" என்று கேட்கிறோமே, அதே கேலிதான்.

அந்த நிலையிலிருந்து அவர்கள் மேலே வந்ததற்கு யாருடைய நல்லெண்ணமும் மட்டும் காரணம் இல்லை. நான்கு காரியம் நடந்தது. 1952-ல் ஜி.பி.க்கள் தங்களுக்கென்று ஒரு கல்லூரி தொடங்கினார்கள். (கல்லூரி என்றால் கட்டடமும் வகுப்பும் அல்ல, தேர்வு வைத்துத் தரம் நிர்ணயிக்கும் அமைப்பு.) 1963-ல் எடின்பரோ பல்கலைக்கழகம் உலகிலேயே முதல் முறையாகப் பொது மருத்துவத்துக்குப் பேராசிரியர் பதவி உண்டாக்கி ரிச்சர்ட் ஸ்காட்டை அமர்த்தியது. அடுத்தது எனக்கு மிகவும் பிடித்தது. 1965-ல் ஆயிரக்கணக்கான ஜி.பி.க்கள் தேதி போடாத ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுத் தங்கள் சங்கத்திடம் கொடுத்துவிட்டார்கள். அரசு இறங்கி வந்தது. 1966 ஒப்பந்தத்தின்படி கிளினிக் வாடகைக்கும், நர்ஸ், வரவேற்பாளர் சம்பளத்தில் பெரும் பகுதிக்கும் அரசே பணம் கொடுத்தது. ஒற்றை அறையில் தனியாகத் திண்டாடியவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து கிளினிக் நடத்த முடிந்தது. கடைசியாக, 1976-ல் சட்டம் இயற்றி, 1982 முதல் மூன்று வருடத் தனிப் பயிற்சி முடித்தவர்தான் ஜி.பி. ஆக முடியும் என்று கட்டாயமாக்கினார்கள். தொடங்கி முடிக்க முப்பது வருடம்.

இதில் நம் ஆட்களுக்கு ஒரு பெரிய பங்கு உண்டு. அந்தக் காலத்தில் வெள்ளைக்கார டாக்டர்கள் சுரங்க ஊர்களுக்கும் ஆலைத் தெருக்களுக்கும் போக மாட்டேன் என்றார்கள். சென்னை, கொழும்பு, லாகூர், டாக்காவிலிருந்து ஸ்பெஷலிஸ்ட் கனவோடு போனவர்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரிக் கதவுகள் எளிதில் திறக்கவில்லை. அவர்கள் வேல்ஸ் பள்ளத்தாக்குகளிலும் வடக்கு இங்கிலாந்திலும் ஜி.பி.யாக உட்கார்ந்தார்கள். ஜூலியன் சிம்ப்ஸன் என்ற வரலாற்றாளர் 2018-ல் இதைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். அந்தச் சேவையைக் கட்டிய கொத்தனார்களில் குடியேறிகளும் உண்டு என்பது அவர் வாதம். மறுக்க எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கா 1969-ல் குடும்ப மருத்துவத்தைத் தன் இருபதாவது ஸ்பெஷாலிட்டியாக அங்கீகரித்தது. சிங்கப்பூரில் 1971-ல் ஜி.பி. கல்லூரி, மலேசியாவில் 1973-ல், இலங்கையில் 1974-ல். ஆமாம், நம்மை விடச் சின்ன நாடான இலங்கை பட்டமேற்படிப்பு வரை கொண்டுபோனது. சிங்கப்பூரில் இருக்கும் நம் சொந்தக்காரர்களுக்கு 2023 ஜூலையிலிருந்து இன்னொன்றும் தெரியும்: குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஒரே குடும்ப டாக்டரிடம் பெயர் பதியும் ஹெல்த்தியர் எஸ்.ஜி. திட்டத்தை அரசே நடத்துகிறது.

"எல்லா நோயும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தவர் எப்படி சார் ஸ்பெஷலிஸ்ட் ஆவார்?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. என் தொழில் பாஷையிலேயே பதில் சொல்கிறேன். ஓடவிட்டு இதயத்தைச் சோதிக்கும் டி.எம்.டி. மிஷின் ஒன்றை நான் சரி செய்து கொடுக்கிறேன். அதே மிஷின், அதே துல்லியம். இதய டாக்டரிடம் வருபவர்கள் ஏற்கெனவே சலித்து அனுப்பப்பட்டவர்கள், அவர்களில் நிறையப் பேருக்கு அடைப்பு இருக்கும். அங்கே மிஷின் "கோளாறு" என்றால் பெரும்பாலும் கோளாறுதான். நெஞ்சு பிடிக்கிறது என்று தெருமுனைக் கிளினிக்குக்கு வருபவர்களில் பெரும்பாலோருக்கு வாயு, தசைப்பிடிப்பு, பயம், வீட்டுச் சண்டை. அவர்கள் எல்லோரையும் அந்த மிஷினில் ஓடவிட்டால் "கோளாறு" என்று வருவதில் பல பொய்யாக இருக்கும். பிறகு ஆஞ்சியோ, செலவு, பீதி. ஆக, இந்தக் கூட்டத்தில் உண்மையான மாரடைப்பு ஒன்றைத் தவறவிடாமல் பிடிப்பதும், மற்றவர்களை மிஷினுக்கு அனுப்பாமல் இருப்பதும் தனி வித்தை. யாருக்குக் காத்திருக்கலாம், யாருக்குக் கூடாது என்பதுதான் அந்த ஸ்பெஷாலிட்டி. மனிதரை ஏற்கெனவே தெரிந்திருந்தால் அது பாதி சுலபமாகிறது.

தெரிந்திருப்பதற்கு என்ன மதிப்பு என்று நார்வேயில் கணக்கே போட்டுப் பார்த்தார்கள். அங்கே 2001 முதல் ஒவ்வொருவருக்கும் பெயர் பதிந்த டாக்டர் உண்டு. சுமார் 45 லட்சம் பேரின் பதிவுகளை வைத்து 2021-ல் வெளியான ஆய்வு அது. ஒரே டாக்டரிடம் 15 வருடத்துக்கு மேல் இருந்தவர்களை, ஒரு வருடம் மட்டும் இருந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். அவசரமாக ஆஸ்பத்திரியில் சேரும் வாய்ப்பு 28 சதவீதம் குறைவு, இறக்கும் வாய்ப்பு 25 சதவீதம் குறைவு. இதற்கு முழுக் காரணமும் அந்த உறவுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் வருடம் கூடக்கூடப் பலனும் கூடுகிறது என்பது சும்மா ஒதுக்கும் விஷயம் இல்லை. புதுசாக ஒரு மாத்திரை இப்படிப் பலன் காட்டினால் எந்தக் கம்பெனி சும்மா இருக்கும்?

இந்தியாவுக்குத் திரும்புவோம். நம்மிடம் யோசனைக்குப் பஞ்சமே இருந்ததில்லை. இந்திய மருத்துவ சங்கம் 1960களிலேயே பொது மருத்துவர்களுக்காக ஒரு கல்லூரி அமைப்பைச் சென்னையைத் தலைமையிடமாக வைத்துத் தொடங்கியது. தேசியத் தேர்வு வாரியம் டி.என்.பி. குடும்ப மருத்துவம் என்று ஒரு மேற்படிப்பை வைத்திருக்கிறது. 2002 தேசிய சுகாதாரக் கொள்கையைப் படித்தபோது எனக்கே ஆச்சரியம்: மருத்துவ மேற்படிப்பு இடங்களில் நான்கில் ஒரு பங்கு பொது சுகாதாரத்துக்கும் குடும்ப மருத்துவத்துக்கும் ஒதுக்கும் நிலைக்குப் படிப்படியாகப் போக வேண்டும் என்று எழுதியிருக்கிறது. நான்கில் ஒன்று! இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்தப் பங்குக்கு நாம் பக்கத்தில்கூடப் போகவில்லை.

முறையான எம்.டி. குடும்ப மருத்துவம் அரசுக் கல்லூரியில் முதலில் வந்தது கேரளத்தில்தான், கோழிக்கோட்டில், 2010களின் தொடக்கத்தில். விரல் விட்டு எண்ணக்கூடிய இடங்கள். ஆசிரியர் யார் என்பதே பெரிய சிக்கல். குடும்ப மருத்துவம் சொல்லிக்கொடுக்க அதில் மேற்படிப்பு முடித்தவர் வேண்டும், முடித்தவர் வேண்டுமென்றால் முதலில் படிப்பு வேண்டும். கோழியும் முட்டையும் கதை. 2019 தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், குடும்ப மருத்துவ மேற்படிப்புகளை ஊக்குவிப்பது மேற்படிப்பு வாரியத்தின் கடமை என்று ஒரு வரி சேர்த்தது. ஆனால் எம்.பி.பி.எஸ். நடத்தும் கல்லூரியில் குடும்ப மருத்துவத் துறை கட்டாயம் இருக்க வேண்டும் என்ற இடத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை. மாணவர்கள் சில குடும்பங்களைத் "தத்தெடுக்கும்" திட்டம் ஒன்று வந்திருக்கிறது. அதை நடத்துவது பழைய சமூக மருத்துவத் துறைதான்.

எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தில் உருப்படியான காரியம் செய்தது வேலூர் சி.எம்.சி. கிராமத்திலும் சிறு ஊரிலும் ஏற்கெனவே கிளினிக் வைத்திருக்கும் எம்.பி.பி.எஸ். டாக்டர்களை வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்லாமல், 2006-ல் இரண்டு வருடத் தொலைநிலைப் படிப்பாகக் குடும்ப மருத்துவ டிப்ளமோ தொடங்கினார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதைக் குறை, நீயே தீர்ப்பதைக் கூட்டு என்பதுதான் அதன் கொள்கை. எம்.டி.க்குச் சமம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இருக்கிற டாக்டரைத் தேடிப்போய்ச் சொல்லிக்கொடுப்பது புத்திசாலித்தனம்.

இனி கேரளம். 2017-ல் ஆர்த்ரம் மிஷன் என்று அரசு தொடங்கியது. ஆரம்ப சுகாதார மையங்களைக் "குடும்பாரோக்ய கேந்திரம்" ஆக்கினார்கள். முதல் கட்டத்தில் 170. மதியத்தோடு மூடிய ஓ.பி. சாயங்காலம் வரை நீண்டது. டாக்டரும் நர்ஸும் கூடினார்கள், உட்கார நாற்காலி, டோக்கன், முன்பரிசோதனை எல்லாம் வந்தது. நுரையீரல் அடைப்பு நோய்க்கு "சுவாஸ்", மனச்சோர்வுக்கு "ஆஸ்வாசம்" என்று தனித் திட்டங்கள். மனச்சோர்வை ஆரம்ப சுகாதார மையத்திலேயே கேட்டறிந்து மருந்து கொடுப்பது நம் நாட்டில் சின்ன விஷயம் இல்லை. கூலி வேலைக்காரர் சாயங்காலம் வந்து டாக்டரைப் பார்க்க முடிகிறது என்பதற்கே நான் இந்தத் திட்டத்துக்குக் கும்பிடு போடுவேன்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். பலகையில் "குடும்பம்" வந்துவிட்டது. உள்ளே உட்காரும் டாக்டர் பதவிக்குத் தகுதி அதே எம்.பி.பி.எஸ். தான். குறுகிய காலப் பயிற்சியும் சிகிச்சை வழிகாட்டிக் குறிப்பும் கொடுக்கிறார்கள், அது நல்லது. ஆனால் அந்த இளம் டாக்டர் மனதுக்குள் மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். இரண்டு மூன்று வருடத்தில் ரேடியாலஜியோ தோல் மருத்துவமோ கிடைத்துப் போய்விடுவார். அவர் மேல் தப்பில்லை. இதே நாற்காலியில் இருபது வருடம் உட்கார்ந்தால் மதிப்பும் சம்பளமும் பதவி உயர்வும் கூடும் என்று யாராவது அவரிடம் சொல்லியிருக்கிறார்களா? பிரிட்டனில் 1966-லும் 1982-லும் நடந்தது அதுதான். முதலில் காசு, பிறகு கட்டாயப் பயிற்சி. நாம் பெயரோடு நிற்கிறோம்.

இன்னொன்று, இந்தக் குடும்ப மையங்கள் பெரும்பாலும் பஞ்சாயத்துகளில். தோப்பும்படி கொச்சி மாநகராட்சிக்குள் வருகிறது. இங்கே நமக்கு நகர்ப்புற ஆரம்ப சுகாதார மையமும், கருவேலிப்படி மகாராஜாஸ் தாலூக் ஆஸ்பத்திரியும், பிறகு வரிசையாகத் தனியார்களும்தான்.

இதில் மிகவும் அடிபடுவது ஊர் விட்டு ஊர் வந்தவர்கள். தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் போய்ப் பாருங்கள். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று குமரி மாவட்டத்துப் படகுகள் வரிசையாக நிற்கும். ஆழ்கடலுக்குப் போனால் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். ஐம்பது வயது அண்ணன் ஒருவர் என்னிடம் மாத்திரைப் பையைக் காட்டினார். ரத்த அழுத்தத்துக்குக் கொச்சியில் ஒன்று ஆரம்பித்தார்கள், ஊரில் இன்னொன்று எழுதினார்கள், குஜராத் பக்கம் போனபோது மூன்றாவது. "எதை விடணும்னு யாருமே சொல்லல தம்பி, அதனால எல்லாத்தையும் போடுதேன்" என்றார். மூன்றில் இரண்டு ஒரே மருந்து, பிராண்ட் பெயர்தான் வேறு. அவரைப் பார்த்த டாக்டர்கள் யாரும் மோசமானவர்கள் இல்லை. ஒவ்வொருவரும் அவரை ஒரே ஒரு தடவை பார்த்தவர்கள், அவ்வளவுதான்.

நம் பெற்றோர் கதையும் இதேதான், கடலுக்குப் பதில் ஷேர் ஆட்டோ. என் அப்பாவுக்குக் கும்பகோணத்தில் நாலு டாக்டர், பதினோரு மாத்திரை. நான் இங்கிருந்து போனில் ஒவ்வொரு சீட்டாகப் படிக்கச் சொல்லிப் பட்டியல் போட்டேன். அதைப் பார்த்து நாலைக் குறைத்தவர் வயதான ஒரு எம்.பி.பி.எஸ். டாக்டர், அம்மாவுக்கு முப்பது வருடமாகத் தெரிந்தவர். கிளினிக்கை மூடப்போகிறேன் என்று போன மாதம் சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் இருவரும் டாக்டர்கள்தான், ஒருவர் இதயம், ஒருவர் கண்.

அதனால் இங்கே குடிவருகிறவர்களுக்கு இப்போது நான் சொல்வது இவ்வளவுதான். டாக்டர் பெயருக்குப் பின்னால் இருக்கும் எழுத்துகளைப் படியுங்கள். எம்.டி. அல்லது டி.என்.பி. குடும்ப மருத்துவம், எம்.ஆர்.சி.ஜி.பி. என்று இருந்தால் அவர் இதற்கென்றே படித்தவர். அப்படி யாரும் பக்கத்தில் இல்லையென்றால், பத்து நிமிடம் கேட்கப் பொறுமையுள்ள ஒரு பொது மருத்துவரைத் தேர்ந்தெடுத்து, காய்ச்சல் இல்லாத நாளில் குடும்பத்தோடு ஒருமுறை போய் வாருங்கள். மாத்திரைப் பட்டியலைக் கையோடு எடுத்துப்போங்கள். இதய டாக்டர், முட்டி டாக்டர் எழுதுவதையெல்லாம் அவரிடமும் கொண்டுபோய்க் காட்டுங்கள். கருவேலிப்படி ஆஸ்பத்திரி ஓ.பி.யில் தமிழ் புரியும் நர்ஸுகள் சிலர் இருக்கிறார்கள், மொழிக்காகத் தயங்க வேண்டாம்.